மற்றவர்களின் அப்பாக்களுக்கு நடுவே

அப்பா இறந்தபோது என் விசா நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. பிரிட்டனில் இதற்கு ஒரு விதி உண்டு. முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் (அயர்லாந்து மாதிரி ஒன்றிரண்டு இடங்களுக்கு மட்டும் விலக்கு), அந்த விண்ணப்பத்தை நீங்களே திரும்பப் பெற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் வேலை, வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாமே கேள்விக்குறி. "வராதடா, வந்து எதையும் மாத்த முடியாது" என்று அக்காவே சொல்லிவிட்டாள். இறுதிச் சடங்கை வீடியோவில் பார்த்தேன். அதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. அப்படிப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் நான் எதிர்பார்க்காதவை.

எனக்கு வேலை இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில். இந்த நாட்டில் பெற்றோர் இறந்தால் சம்பளத்தோடு இத்தனை நாள் விடுப்பு என்று சட்டம் எதையும் உறுதி செய்யவில்லை. நியாயமான அளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது, அவ்வளவுதான். சம்பளம் தருவது முதலாளியின் விருப்பம். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை இழந்தவர்களுக்கு மட்டும் 2020 ஏப்ரல் முதல் இரண்டு வார விடுப்பு உண்டு. சில நாள் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட ஓர் அட்டை என் லாக்கரில் இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. தொந்தரவு செய்யக் கூடாது என்பது இவர்களுடைய மரியாதை. ஆனால் அந்த மரியாதையில் ஆள் தனியாகிப் போகிறான்.

உண்மையில் என்னைக் குழப்பியது துக்கம் இல்லை, துக்கம் வராததுதான். அப்பா இங்கே வந்ததே இல்லை. இந்த வீட்டில் அவர் உட்கார்ந்த நாற்காலி கிடையாது, நடந்த தெரு கிடையாது, அவரைத் தெரிந்த ஒரு மனிதர் கிடையாது. அவர் போனதால் இங்கே எதுவும் காலியாகவில்லை. பகல் முழுக்க அவர் ஊரில் இருப்பதாகவே மனம் வைத்துக்கொள்ளும். மதியம் பன்னிரண்டரைக்கு இடைவேளை வரும்போதுதான் சிக்கல். குளிர்காலத்தில் ஊருக்கும் இங்கேயும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஆறு. அதுதான் எங்கள் பேச்சு நேரம். பேச்சு என்றால் என்ன, மின்சாரம் போனது, பக்கத்து வீட்டுக்காரன் மதிலைத் தள்ளிக் கட்டியது, இப்படித்தான். அந்த அரை மணி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் யாரும் கேட்காமலே மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் என்று வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. நான் எந்தக் கட்டத்திலும் இல்லையே என்று யோசித்தேன். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, சாகப்போகும் நோயாளிகளிடம் பேசியதை வைத்து. அதைப் பிறகு இருப்பவர்களின் துக்கத்துக்கும் எடுத்துப் பொருத்திவிட்டார்கள். எனக்கு அதைவிட உதவியது நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் இருவரும் 1999-இல் முன்வைத்த கருத்து. இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் நிற்பார், இன்னொரு நேரம் அன்றாடக் காரியங்களின் பக்கம் நிற்பார், இரண்டுக்கும் நடுவே போய்ப்போய் வருவதுதான் இயல்பு என்கிறார்கள். படித்ததும் என் நிலைமை பிடிபட்டது. புது நாட்டில் அன்றாடக் காரியத்தின் பக்கம் மட்டும் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. விசா, வாடகை, ஷிப்ட், பள்ளிக் கடிதம். இந்தப் பக்கம் இழுக்க ஆயிரம் பேர். அந்தப் பக்கம் கூட்டிப்போக ஒருவரும் இல்லை.

என்னைக் கூட்டிப்போனவர், டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ள ஒரு முதியவர்.

அவருக்கு என் பெயர் நினைவில் நிற்காது. ஆனால் எனக்கு வெளிநாட்டில் ஓர் அப்பா இருக்கிறார் என்பது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. காலையில் சட்டை மாட்டிவிடும்போது, "அப்பாவுக்குப் போன் பண்ணினாயா? நன்றாக இருக்கிறாரா?" என்பார். "நன்றாக இருக்கிறார்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தருவார்கள்: டிமென்ஷியா உள்ளவர் இறந்துபோன மனைவியைத் தேடினால், சட்டென்று "அவர் இறந்துவிட்டார்" என்று திருத்தாதே, ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி. மனைவியைப் பற்றிக் கேள், அவரைப் பேசவிடு. இங்கே நிலைமை தலைகீழ். மறந்துபோகிறவர் கேட்கிறார், நினைவுள்ளவன் பொய் சொல்கிறேன்.

ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அப்பா இறந்துவிட்டார் என்று. பட்டன் போட்டுக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து நிறுத்தினார். வருத்தம் தெரிவித்தார். பிறகு, இந்த நாட்டில் அதுவரை யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்: "எப்படிப்பட்ட மனிதர்?" சொன்னேன். கடன் வாங்கப் பயப்படுவார், கடன் கொடுக்கத் தயங்கமாட்டார், அந்தக் கணக்கில் அம்மாவோடு ஓயாத சண்டை என்று. சிரித்தார். மறுநாள் எல்லாம் மறந்து மறுபடி "அப்பா நன்றாக இருக்கிறாரா?" என்றார். மறுபடி சொன்னேன், வேறு ஒரு கதையோடு. அவருக்கு ஒவ்வொரு நாளும் என் அப்பா புதிதாக இறந்தார், புதிதாக அறிமுகமும் ஆனார். அவரைச் சங்கடப்படுத்துகிறேனோ என்று மூத்த நர்ஸிடம் கேட்டேன். "அவருக்கு முகம் வாடினால் நிறுத்திவிடு" என்றார். வாடவில்லை. ஆறுதல் சொல்ல ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்கே ஒரு தெம்பு வந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

விசா வந்ததும் ஊருக்குப் போனேன். அங்கே இன்னொன்று காத்திருந்தது. அவர்கள் எல்லாரும் முடித்திருந்தார்கள். அப்பாவின் அறை அக்கா மகனின் படிப்பு அறையாகியிருந்தது. மருந்து டப்பாக்கள், கண்ணாடி, ரேடியோ எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. வாசலில் நின்று நான் அழுதபோது மற்றவர்கள் கொஞ்சம் சங்கடமாக நின்றார்கள். "நீ இப்பத்தான் ஆரம்பிக்கிற. நாங்க அழுது முடிச்சாச்சுடா" என்றாள் அக்கா. அதில் குத்தல் இல்லை, களைப்புத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி, பேங்க், இறப்புச் சான்றிதழ் என்று அலைந்தது முழுக்க அவள். தூரத்தில் இருந்ததால் எனக்கு அழுகை தாமதமாக வந்தது, அவளுக்கு அழ நேரமே கிடைத்திருக்காது. இதை வெளிநாட்டில் இருக்கும் நாம் கொஞ்சம் யோசிக்கலாம். நம் துக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மடியில் வைக்கும் முன், "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கலாம்.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு தகவல். தாங்க முடியவில்லை என்றால் முதல் ஏழு நாள் வரை டாக்டர் சீட்டு இல்லாமலே உடல்நலமில்லை என்று எழுதிக்கொடுக்கலாம். அதற்கு மேல் ஜிபி, அதாவது நம் பகுதிக் குடும்ப டாக்டரின் சீட்டு வேண்டும். இழப்பின் பாதிப்பால் வேலை செய்ய முடியாத நிலை என்றாலும் தருவார்கள். ஆங்கிலத்தில் அழ வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், ஜிபியில் அதற்குக் கட்டணமில்லை. அப்புறம் க்ரூஸ் (Cruse) என்ற அமைப்பு இருக்கிறது. 1959-இல் விதவைகளுக்காகத் தொடங்கப்பட்டது, இப்போது யாரை இழந்தவர்களுக்கும் இலவசமாகத் தொலைபேசியில் பேசுகிறார்கள்.

போன மாதம் வேறு நகரத்தில் இருக்கும் ஒரு நண்பரின் அம்மா இறந்தார். நண்பருடைய அடைக்கல மனு இன்னும் முடியவில்லை, போக வழியே இல்லை. போன் செய்து, வழக்கமான வார்த்தைகளை விட்டுவிட்டு, "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு ஆரம்பித்தார். முதல் அரை மணி நேரம் அம்மாவைத் திட்டித் தீர்த்தார். தம்பிக்குத்தான் எல்லாம் செய்தாராம், இவரை ஒரு நாளும் பாராட்டியதில்லையாம். நான் குறுக்கே பேசவில்லை. மறுநாள் இரவு அவரே கூப்பிட்டு, "நேத்து பாதியிலே விட்டுட்டேன் இல்ல" என்று மீதியைச் சொன்னார்.