தோள் 2 தவ் மட்டும் இறங்க வேண்டும்: .30-06 உறைகளோடு மல்லுக்கட்டியது

ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. இந்த வருட எல்க் (பெரிய மான்) வேட்டைக்கென்று ஒதுக்கி வைத்த, சுட்ட பிறகு மறுபடி நிரப்பும் .30-06 ரகத் தோட்டாவின் பித்தளை உறைகள் அத்தனையும் இப்போது தோள் அளவில் ஒன்றுக்கொன்று ஒரு தவ் வித்தியாசத்துக்குள் வந்து நிற்கின்றன. தோள் என்பது உறையின் உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவு. தவ் என்பது லேத் பட்டறைக் கணக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கோடை முழுக்க இதே உறைகள், ஒன்றில் தோள் 2 தவ் இறங்கும், அடுத்ததில் 5 தவ் இறங்கும், இன்னொன்றில் இறங்குவதற்குப் பதில் ஏறியிருக்கும். டையை (உறையை நெருக்கி வடிவத்துக்குக் கொண்டுவரும் அச்சு) மாற்று, பிரஸ்ஸை (உறையை டைக்குள் ஏற்றும் கைப்பிடிக் கருவி) மாற்று என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். இரண்டையும் மாற்றவில்லை. அதே பழைய டை, அதே பிரஸ்.

டை பொருத்துவது, பிரைமரை (உறையின் அடியில் தீப்பொறி தரும் சின்னக் குமிழ்) தட்டி எடுப்பது, உறையைக் கழுவுவது இதெல்லாம் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். நேராகத் தோளுக்கே போய்விடலாம்.

துப்பாக்கி 1950-களில் செய்த வின்செஸ்டர் மாடல் 70. 1964-ல் செலவைக் குறைக்க வடிவத்தை மாற்றினார்களே, அதற்கு முந்தையது. தோட்டாவைத் தள்ளி மூடும் தண்டான போல்ட்டின் பக்கவாட்டில் நீளமான நகம் உறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேதான் உள்ளே தள்ளும். கொலராடோ மலையில் முட்டளவு பனியில் நிற்கும்போது அந்த நகத்தின் மேல் இருக்கிற நம்பிக்கை தனி. ஆனால் இந்தத் துப்பாக்கியின் சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, கொஞ்சம் தாராளம். கடைத் தோட்டாவைச் சுட்டுவிட்டு உறையை அளந்தால், தோள் 8 தவ் முன்னால் போயிருக்கிறது. அனுமதித்த எல்லைக்குள்தான், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் மறுபடி நிரப்புகிறவனுக்கு அந்த 8 தவ்வில்தான் வினையே இருக்கிறது.

டையோடு வரும் காகிதத்தில் என்ன போட்டிருக்கிறது? டையை ஷெல் ஹோல்டரில் (உறையின் அடியைப் பிடிக்கும் துண்டு) தட்டும்வரை இறக்கு, அப்புறம் இன்னும் கால் சுற்று திருகு. இந்த ஒரு வரியால் எத்தனை நல்ல பித்தளை குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் எரிச்சல் வருகிறது. அப்படிச் செய்தால் உறை பழைய கடை அளவுக்கே திரும்பிவிடும், எந்த .30-06-லும் போகும், அது உண்மை. ஆனால் என் சேம்பரில் ஒவ்வொரு முறை சுடும்போதும் அது மறுபடி 8 தவ் நீள வேண்டும். துப்பாக்கியின் ஊசி பிரைமரை அடித்ததும் உறை முன்னால் தள்ளப்படுகிறது. அழுத்தம் ஏறும்போது முன்பாதிச் சுவர் சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்ள, அடிப்பாகம் மட்டும் பின்னால் போல்ட்டை நோக்கி நகர்கிறது. நடுவில் இழுபடுவது அடித்தட்டுக்குச் சற்று மேலே இருக்கிற சுவர்தான். நாலைந்து சுற்றில் அங்கே வெளியே ஒரு பளபளப்பான வளையம் தெரியும். பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டுச் சுவரோடு மேலே இழுத்துப் பாருங்கள், சின்னப் பள்ளத்தில் நுனி சிக்கும். சிக்கினால் அந்த உறையை இடுக்கியால் நசுக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். .30-06-க்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அது முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம்.

ஆகவே, சுட்ட உறையின் தோளை 2 தவ் மட்டும் பின்னால் தள்ளினால் போதும். பெஞ்சில் உட்கார்ந்து இலக்குக் காகிதத்தில் ஓட்டை போடுகிறவர்கள் ஒரு தவ்வோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கழுத்தை மட்டும் சுருக்கிவிட்டு விடுகிறவர்களும் உண்டு. வேட்டைக்கு அது வேண்டாம் என்பது என் கட்சி. மண், பனி, பைன் ஊசி எல்லாம் புகுந்த சேம்பரில் போல்ட் ஒரே தள்ளில் மூட வேண்டும்.

அளக்க, காலிப்பர் அளவுகோலில் மாட்டும் ஹார்னடியின் ஹெட்ஸ்பேஸ் கம்பாரேட்டர் (அடியிலிருந்து தோள்வரை நீளத்தை ஒப்பிடும் கருவி); .30-06-க்கு உள்ளே 0.375 அங்குல வளையம். அது காட்டும் எண் ஒப்பீட்டுக்கு மட்டும்தான். இன்னொருவரின் காலிப்பரில் வந்த எண்ணை வாங்கி நம் டையில் வைப்பதற்கு அர்த்தமே இல்லை. அளப்பதற்கு முன் பழைய பிரைமரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊசி குத்திய விளிம்போ, துளி வெளியே நிற்கும் பிரைமரோ பொய் எண் காட்டும். இன்னொன்று, ஒருமுறை சுட்ட உறை சேம்பரை முழுக்க நிரப்பியிருக்காது. இரண்டு மூன்று முறை சுட்டு, போல்ட் லேசாக இறுகும் நிலைக்கு வந்த உறைதான் உண்மையான அளவு.

டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும்போது தோள் முதலில் பின்னால் போகாது, முன்னால் வரும். பலர் குழம்புவது இங்கேதான். டை முதலில் உடம்பைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருங்கிய பித்தளை போவதற்கு இடம் மேலே மட்டும்தான். அதனால் அளவு கூடும், 2, 3 தவ் கூடக் கூடும். போல்ட் முன்பைவிட இறுகும். அப்போதே பயந்து நிறுத்திவிட்டு, டை சரியில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. இன்னும் கொஞ்சம் இறக்கினால்தான் டையின் தோள் உறையின் தோளைத் தொடும், அங்கிருந்து எண் சரசரவென்று விழும். அந்தப் பகுதியில் டையை ஒரு மயிரிழை திருகினால்கூட ஒரு தவ் போய்விடும். அங்குலத்துக்கு 14 புரி உள்ள டை என்றால் ஒரு முழுச் சுற்று சுமார் 71 தவ். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரெட்டிங் கம்பெனியின் ஷெல் ஹோல்டர் செட் இதற்காகவே இருக்கிறது. 2, 4, 6, 8, 10 தவ் என்று உயரம் கூடிய ஐந்து துண்டுகள். டையை இறுகத் தட்டவிட்டு, துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நல்ல சாமான், மறுக்கவில்லை. ஆனால் என் பிரச்சினை சராசரி எண் இல்லை, உறைக்கு உறை சிதறல். ஷெல் ஹோல்டர் சராசரியைத்தான் நகர்த்தும். சிதறலை ஒன்றும் செய்யாது.

சிதறலுக்கு மூன்று காரணம் அகப்பட்டது. முதலாவது பித்தளையின் கடினம். எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம் சேர்ந்த இந்தப் பித்தளை, ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் இறுகிக்கொண்டே போகும். இறுகியது தள்ளிய இடத்தில் நிற்காமல் திரும்பி எழும்பும். என் பெட்டியில் இரண்டு முறை சுட்டதும் ஐந்து முறை சுட்டதும் கலந்து கிடந்தன. தனித்தனியாகப் பிரித்து அளந்தவுடனேயே பாதி மர்மம் தீர்ந்தது. சரி என்று எல்லாவற்றையும் அனீல் செய்தேன், அதாவது சூடாக்கி இளக்கினேன். நியூசிலாந்தில் இதற்கென்றே செய்கிற இண்டக்‌ஷன் மெஷின் ஆயிரம் டாலருக்கு மேல். அந்தக் காசில் இன்னொரு துப்பாக்கியே வாங்கலாம். புரொபேன் டார்ச், டிரில்லில் மாட்டிய சாக்கெட், அதற்குள் சுழலும் உறை, கழுத்தின் உள்ளே 750 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் டெம்பிலாக் பூச்சு. பூச்சு நிறம் மாறியதும் கீழே தட்டிவிட வேண்டும். சூடு கழுத்துக்கும் தோளுக்கும் மட்டும்தான். அடித்தட்டு இளகினால் அந்த உறை பிறகு வெடிகுண்டுதான், இதில் சமரசமே கிடையாது.

இரண்டாவது, உறை டையில் சிக்காமல் இருக்கப் பூசும் மெழுகு. இம்பீரியல் மெழுகு டப்பா ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் வரும். விரல்நுனியில் தொட்டு உறையை ஒரே மாதிரி உருட்ட வேண்டும். ஒன்றில் அதிகம், ஒன்றில் குறைவு என்றால் பிரஸ்ஸின் கைப்பிடிக்குத் தேவைப்படும் பலமே மாறுகிறது. பிரஸ்ஸின் சட்டம் அந்த பலத்துக்கு ஏற்ப விரிகிறது. நம்பாதவர்கள் உறையை உள்ளே ஏற்றி, கைப்பிடி அடியில் இருக்கும்போது டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் பின்னால் டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். இறுகத் தட்டியிருக்கிறது என்று நாம் நினைத்த இடத்தில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று தெரியும். உலர்ந்த உறையில் கோடு தடிக்கும், மெழுகு போட்டதில் மெலியும். அந்தக் கோட்டின் தடிப்புதான் என் சிதறல். இப்போது அடியில் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டுத்தான் எடுக்கிறேன், அதிலும் எழும்புதல் குறைகிறது. தோளில் மெழுகு அதிகமானால் பள்ளம் விழும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் பெரிய திருடன்: டைக்குள் தண்டின் நுனியில் இருக்கும் விரிப்பான் உருண்டை. உறை கீழே இறங்கும்போது அது கழுத்தின் உள்ளே இருந்து கீச்சென்று சத்தத்தோடு இழுபடுகிறது அல்லவா, அந்த இழுப்பில் கழுத்தும் தோளும் சேர்ந்து மேலே வருகின்றன. இவ்வளவு கஷ்டப்பட்டு 2 தவ் தள்ளியதில் ஒரு தவ்வை அது திருப்பிக் கொடுத்துவிடும், சில உறைகளில் இரண்டையுமே. உருண்டையைக் கழற்றிப் போட்டேன். கழுத்தை விரிக்கத் தனியாக மாண்ட்ரல் (வழவழப்பான உருளைக் கம்பி) டை. அது மேலிருந்து உள்ளே தள்ளுகிறது, கழுத்துக்குள் கிராஃபைட் தூள் கொஞ்சம். கீச்சுச் சத்தம் போயிற்று, எண்ணும் அடங்கியது. கழுத்து நேராக நிற்பது இலவச லாபம்.

காலிப்பரை நம்புவதோடு நிற்காமல் போல்ட்டிலும் பார்த்தேன். மாடல் 70-ல் இது சுலபம், வெளித்தள்ளி உடம்பிலேயே தகடாக இருப்பதால் போல்ட்டிலிருந்து ஊசியையும் ஸ்பிரிங்கையும் மட்டும் கழற்றினால் போதும். வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத வெறும் உறையைச் சேம்பரில் நேரடியாகப் போடாமல், விளிம்பை நகத்துக்கு அடியில் செருகிவிட்டுத் தள்ள வேண்டும். தோள் இறங்காத உறையில் கைப்பிடி பாதியில் நிற்கும். 2 தவ் இறங்கியதில் விரலால் தொட்டதும் தானாக விழுகிறது.

இனி கடைப் புலம்பல். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்குத் தெரியும், பவுடருக்கும் (வெடிமருந்து) பிரைமருக்கும் ஆபத்தான சரக்கு என்று தனிக் கட்டணம் உண்டு. இரண்டையும் சேர்த்து ஒரே பெட்டியில் அனுப்பச் சொல்லி எழுதியும் ஒரு கடை இரண்டு பெட்டியாக அனுப்பி இரண்டு கட்டணம் போட்டது. இனிமேல் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து உள்ளூர்க் கடையில்தான். நான் தேடுவது ஹாட்ஜ்டனின் எச்4350. பேர் கான்சாஸ் கம்பெனியுடையது, மருந்து தயாராவது ஆஸ்திரேலியாவின் மல்வாலாவில். வெயிலிலும் உறைபனியிலும் வேகம் அதிகம் மாறாது என்பதால் ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்கிறார்கள். எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் எடைபோடும் சின்ன அளவு) போடுகிறேன் என்று கேட்டு எழுதாதீர்கள். உங்கள் குண்டுக்கு உங்கள் கையேட்டில் இருக்கும் தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். அடுத்தவன் துப்பாக்கியின் உச்ச அளவு உங்களுக்கு உச்சத்துக்கு மேலாக இருக்கலாம்.

குண்டு, 180 கிரெயின் நாஸ்லர் பார்ட்டிஷன். 1946-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் ஒன்றின் மேல் குண்டுகள் சிதறிப்போனதில் கடுப்பாகி ஜான் நாஸ்லர் செய்த வடிவம் இது: நடுவில் செம்புத் தடுப்பு, முன்பாதி விரியும், பின்பாதி அப்படியே ஊடுருவும். கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது குறைந்தது 85 கிரெயின் குண்டு, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் கிளம்பும் 180 கிரெயினுக்குக் குழல் வாயில் 2,900 இருக்கிறது. பலத்துக்காக யாரும் வீட்டில் நிரப்ப வேண்டியதில்லை என்று அடிக்கடி சொல்வது இதனால்தான். கடைத் தோட்டாவே எல்க்கைச் சாய்க்கும். என் பிரச்சினை அந்தப் பழைய சேம்பர்.

அடுத்த வருடம் முழுச் செம்புக் குண்டுக்கு மாறலாமா என்று ஒரு ஆசை. இறைச்சி வீட்டில் குழந்தைகள் சாப்பிடுவது, ஈயத் துணுக்கு வேண்டாமே. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டையில் ஈயமே கூடாது. ஆனால் செம்பு எடை குறைந்த உலோகம், அதே 180 கிரெயினுக்குக் குண்டு நீளும், உறைக்குள் அதிக இடம் பிடிக்கும். 165 அல்லது 168-க்கு இறங்கிப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். பார்ன்ஸ் கம்பெனியின் செம்புக் குண்டுப் பெட்டி ஒன்று ஏற்கெனவே அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஐ.டி. விசாவில் இருந்துகொண்டு இதில் ஆசைப்பட்டுக் கேட்கும் தம்பிகளுக்கு: விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் விதிவிலக்குகளில் ஒன்று. வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். 1949-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் கொலராடோவில் உரிமம் வாங்க ஹண்டர் எஜுகேஷன் சான்றிதழும் காட்ட வேண்டும்.

உறைகள் இப்போது அனீல் ஆகி, தோள் இறங்கி, கழுத்து விரிந்து தட்டில் தலைகீழாக நிற்கின்றன. நீளம் வெட்டுவது பாக்கி: 2.494 அங்குலத்தைத் தாண்டியதை எல்லாம் 2.484-க்குக் கொண்டுவர வேண்டும். அப்புறம் பிரைமர். எச்4350 வரும்வரை பழைய ஐஎம்ஆர் 4350 டப்பாவைத் திறக்கலாமா என்று யோசனை. பெயரில் எண் ஒன்றுதான், மருந்து வேறு, அளவும் வேறு. மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். இந்த வார இறுதியில் டிரிம்மரின் கத்தியைத் தீட்டிவிட்டுத்தான் மற்றது.