மூங்கிலுக்குள் ஒரு தகப்பன்

ஜூன் 21, நாலுமுக்கு (திருநெல்வேலி மலை)

மழை விட்டபாடில்லை. புகையிலைத் தூள் தடவியும் காலுறைக்குள் அட்டை. இருட்டியதும் நாணல் மூங்கில் புதரிலிருந்து ஆண் தவளைகள் கத்த ஆரம்பித்தன. சத்தம் காதுக்குப் பக்கத்தில், ஆளைத்தான் காணோம்.

தேடுவது ராவோர்கெஸ்டஸ் சலஸோடஸ் என்னும் புதர்த் தவளையை. 1874க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், 2011இல்தான் மறுபடி கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத இது பகலெல்லாம் மூங்கிலுக்குள்ளேயே கிடந்தால் யாருக்குத் தெரியும்?

ஜூன் 23

கணுவுக்குச் சற்று மேலே மெல்லிய கீறல். மெல்லிய குழாய் முனையில் இருக்கும் எண்டோஸ்கோப் கேமராவை நுழைத்தபோது கூட வந்த காணிப் பழங்குடி அண்ணன், "மெல்ல விடுங்க சார், உள்ள ஆளிருக்கு" என்றார். இருந்தது! பளீர்ப் பச்சை முதுகு, சாம்பல் நீலத் தொடை, கறுத்த கண்மணியைச் சுற்றிப் பொன் திட்டுகள். பக்கத்துச் சுவரில் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி ஆறு முட்டைகள். ஒன்றுக்குள் குட்டித் தவளை கால் உதைத்தது. இந்த இனத்துக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையைவிட்டு வரும்போதே முழுத் தவளை. ஓடையோ குட்டையோ தேவையில்லை, மூங்கிலுக்குள் இருக்கும் ஈரம் போதும்.

கீறலைத் தவளை போடுவதில்லை. பூச்சியோ எலியோ குடைந்த ஓட்டைதான் வாசல். புதர் நிறைய மூங்கில் இருந்தாலும் குடியேற லாயக்கானவை சிலதான்.

ஜூன் 26

காவல் இருப்பது அப்பன். இரவில் சில மணி நேரம் இரை தேடி வெளியே போவதோடு சரி. தாயை உள்ளே பார்க்கவில்லை.

காவல் சும்மா இல்லை. இதே மலையில் நடந்த ஆய்வில் அப்பனை அகற்றியபோது முட்டைகள் பெரும்பாலும் தப்பவில்லை. அவற்றைத் தின்றவர்களில் இதே இனத்து வேறு ஆண்களும் உண்டு. 'பாசமுள்ள தந்தை' என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அடுத்த கணுவில் வாய்ப்புக்குக் காத்திருப்பவனும் ஒரு தந்தையாக இருக்கலாம்.

ஜூன் 27

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், காகிதக் கூழுக்கு இந்த நாணல் மூங்கிலைத்தான் (அங்கே ஈட்டா) லாரி லாரியாக வெட்டினார்கள். மழைக்காலத்தில் வெட்டினால் முட்டையும் அப்பனும் சேர்ந்தே போகும். வெட்டியே ஆகவேண்டுமென்றால் குஞ்சு வெளியேறிய பிறகு வெட்டலாமே.

கேமராவில் சார்ஜ் இல்லை, கரண்டும் இல்லை. கீழோடைப் புதரை நாளை டார்ச் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.