குடும்பப் பெயரைத் தேடிப் போனோம், குடி கிடைத்தது

கனடாவில் இருக்கும் தம்பியின் மகளுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் அப்பாவின் பெயர்தான் அது. தம்பி அங்கே போய் விண்ணப்பம் நிரப்பியபோது அப்படியே நிலைத்துவிட்டது. "பெரியப்பா, இந்தப் பெயர் எத்தனை தலைமுறையா வருது?" என்று போன வருடம் கேட்டாள். உன்னோடு சேர்த்து இரண்டுதான் என்று சொல்ல மனம் வரவில்லை. சொந்தக்காரர் ஒன்பது பேர் வாட்ஸ்அப்பில் கூடித் தேடத் தொடங்கினோம்.

முதலில் அப்பா வழி. எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எல்லாம் இருக்கின்றன. ஒரு காணி உறுதியில் (நிலப் பத்திரத்தில்) அவருடைய தகப்பன் பெயரும் கிடைத்தது. அதற்கு மேல் இல்லை. மிச்ச உறுதிகள் 1978 நவம்பர் 23 சூறாவளியில் பெட்டியோடு நனைந்து கூழாகிவிட்டன.

அப்புறம்தான் இலங்கையின் மட்டக்களப்பில், கொக்கட்டிச்சோலையில் இருக்கும் பெரியம்மாவிடம், அதாவது அம்மாவின் அக்காவிடம், போனேன். "பேரைத் தேடினா எப்பிடி மனே கிடைக்கும்? குடியைச் சொல்லித் தேடு" என்றா. குடி என்றால் ஒரே தாய்வழி வம்சத்தைச் சேர்ந்தவர்களின் குலப்பிரிவு; மட்டக்களப்பில் அது தாய் வழியாக வருவது. தாய் வழியாகச் சொத்து சேரும் பழைய முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போய்விட்டாலும், வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும் வழக்கம் போகவில்லை. பெரியம்மா இருக்கிற வளவும் அப்படித் தாயிடமிருந்து மகளுக்கு வந்ததுதான். கிணற்றுக்கட்டில் இருந்து, பெருவிரல் நகத்தால் விரல் மடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, தன் தாயிலிருந்து மேலே ஆறு பெண்களின் பெயரைச் சொன்னா. அந்த நேரம் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அன்றிரவு கிளைப்படத்தை வாசித்துக் காட்டினேன். பூட்டியின் (அம்மம்மாவின் தாயின்) கணவர் என்று நாங்கள் போட்டிருந்த பெயரைக் கேட்டதும் நிறுத்தச் சொன்னா. "அவரும் நம்மட காலிங்கா குடிதானே. ஒரே குடிக்குள்ள ஆரு கலியாணம் முடிப்பா?" ஒரு பழைய உறுதியில் இரண்டு பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் புருசன் பெண்சாதி என்று நினைத்துவிட்டோம். அவர்கள் அண்ணனும் தங்கச்சியும். பிறகு அம்மம்மாவின் சீதன உறுதியைத் தேடி எடுத்தோம். அவவின் தகப்பன் வேறு ஆள், படையாண்ட குடி. அதற்குப் பிறகு எந்தச் சோடியைச் சேர்த்தாலும் முதலில் இரண்டு பேரின் குடியையும் கேட்கிறோம். எங்கள் ஊரில் வம்சம் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை என்பேன்.

படத்தைத் தம்பியின் மகளுக்கு அனுப்பினேன். "அப்ப நானும் காலிங்கா குடியா?" என்று கேட்டாள். இல்லையம்மா, அது என் தங்கச்சியின் பிள்ளைகளுக்குத்தான் போகும், உன் குடி உன் அம்மாவின் குடி என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அடுத்த நாள் திருக்கோவிலில் இருக்கும் தன் அம்மம்மாவுக்கு அழைப்பு எடுத்து ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறாள். நான்கு பெண்களின் பெயரை எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாள்.