7 போட்டவரும் 2 போட்டவரும்

மீள்திறனை, அதாவது இழப்பிலிருந்து மீண்டு எழும் திறனை, அளக்கும் படிவம் அது. ஒவ்வொரு வரிக்கும் 1 (ஒப்பவே மாட்டேன்) முதல் 7 (முழுதும் ஒப்புகிறேன்) வரை ஓர் எண் சொல்ல வேண்டும். ‘பிறரைவிட என்னையே நம்பி இருக்க முடியும்’ என்ற வரிக்குப் பெரியவர் யோசிக்காமல் 7 என்றார். அந்த அம்மா 2. இருவருமே துணையை இழந்தவர்கள். வாராவாரம் வீட்டுக்குப் போய்ப் பேசும் திட்டத்தில் ஓர் இடம்தான் மிச்சம். நான் பெரியவரை எழுதினேன். “மீள்திறன் குறைஞ்சவங்களுக்குத்தானே இது?” என்றார் மேலதிகாரி. கேட்டதில் தப்பில்லை.

படிவத்தை மூடிய பிறகு கேட்ட ஒரு கேள்விதான் காரணம். “மனசு சரியில்லைன்னா யார்கிட்டப் பேசுவீங்க ஐயா?”

“பேச்செல்லாம் அவதாம்மா. பிள்ளைங்ககிட்ட, சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் அவதான் பேசுவா. கடைசியில போனை என்கிட்டத் தருவா.”

அந்த அம்மா அழுதார். அழுகைக்கு நடுவே, தங்கை தினமும் கூப்பிடுவதையும் பக்கத்து வீட்டுக்காரியோடு போட்ட சண்டையையும் சொன்னார். சண்டை போடவாவது ஆள் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன்.

வேக்னில்ட், யங் என்ற ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட இந்தப் படிவத்தின் 25 வரிகள், பெரிய இழப்பைத் தாண்டி வந்த முதிய பெண்கள் 24 பேரின் பேச்சிலிருந்து பிறந்தவை. வாய்விட்டுச் சொன்னவர்களிடமிருந்து செய்த கோலை வைத்துத்தான் சொல்லாதவர்களையும் அளக்கிறோம். சில ஆய்வுகளில் ஆண்களுக்கு மதிப்பெண் கூடுதல். சிலவற்றில் வித்தியாசமே இல்லை. மனச்சோர்வு என்று சொல்லி வருபவர்களில் பெண்கள் அதிகம். தற்கொலையில் முதிய ஆண்கள் அதிகம். துணை போன முதல் சில மாதங்களில் சாவு நெருங்குவதும் ஆண்களைத்தான் கூடுதலாக. இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த 7ஐ எப்படி நம்புவது?

ஆனால் ஊர் உலகத்துப் புள்ளிவிவரத்தை ஒரு மனிதர் தலையில் ஏற்றிவிட்டேனோ என்றும் படுகிறது. அந்த அம்மா வாழ்நாளெல்லாம் சேர்த்த உறவுகளையே அவருக்கு எதிரான ஆதாரமாக்கினேன். தங்கை தினமும் கூப்பிடுவது தன் கஷ்டத்தைக் கொட்டத்தான் என்றால்? அதை நான் கேட்கவில்லை, படிவத்திலும் இல்லை. ‘அவ சமாளிச்சுக்குவா’ என்று எல்லாரும் சொல்லியிருப்பார்கள். நான் அதையே கொஞ்சம் படித்த மொழியில் சொன்னேன். இருந்தாலும், இன்றைக்குக் கேட்டாலும் பெரியவரைத்தான் எழுதுவேன் என்று நினைக்கிறேன்.

முதல் சந்திப்பிலேயே அவர், “எனக்கு எதுக்கும்மா? தேவைப்படுறவங்களுக்குக் கொடுங்க” என்றார். அதையும் அவருக்குத் தேவை இருப்பதன் அடையாளமாகவே குறித்துக்கொண்டேன். ‘சரிம்மா’ என்றிருந்தாலும் அப்படித்தான் குறித்திருப்பேன்.