27 புள்ளியில் ஜெயித்தே ஆகணும்

ஒலிம்பிக் கூடைப்பந்தை நிறைய பேர் காலிறுதியிலிருந்துதான் பார்க்க ஆரம்பிக்கிறார்கள். பெண்கள் போட்டி என்றால் இன்னும் மோசம். "எப்படியும் அமெரிக்காதானே தங்கம்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் இறுதி ஆட்டத்தின் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பாரிஸ் 2024-இல் அப்படிப் பார்த்தவர்களுக்கும் ஏமாற்றம் இருந்திருக்காது, இறுதி ஆட்டம் அமெரிக்கா 67, பிரான்ஸ் 66. ஆனால் அந்த ஒலிம்பிக்கில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது குரூப் ஆட்டங்கள்தான். அவை பாரிஸில் நடக்கவே இல்லை. வடக்கே பெல்ஜியம் எல்லைக்குப் பக்கத்தில், லீல் நகரத்தை ஒட்டிய பியர் மொருவா ஸ்டேடியத்தில் நடந்தன. அது ஒரு கால்பந்து மைதானம். புல்தரையில் பாதி அப்படியே மேலே எழும்பி, நகர்ந்து, மறுபாதியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடியில் இருக்கும் பள்ளம்தான் கூடைப்பந்து அரங்கம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். மொத்தம் 12 அணி, மூன்று குரூப், குரூப்புக்கு நான்கு. ஒவ்வொரு அணிக்கும் மூன்றே ஆட்டம். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடம் நேராகக் காலிறுதிக்குப் போகும். மீதி இருப்பது இரண்டு இடம், அதற்கு மூன்று குரூப்பிலும் மூன்றாவதாக வந்த அணிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நல்ல இரண்டை எடுப்பார்கள். வெற்றி தோல்வி சமமாக இருந்தால் புள்ளி வித்தியாசம் பார்ப்பார்கள். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட்டை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஜூலை 28, ஸ்பெயினும் சீனாவும். சீனா அப்போது ஆசிய சாம்பியன், 2022 உலகக் கோப்பையில் வெள்ளி வாங்கிய அணி, இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான ஹான் ஷூவும் லி யூருவும் உள்ளே நின்றால் கூடைக்குப் பக்கத்தில் போகவே யோசிக்க வேண்டும். ஆட்டம் ஓவர்டைம் வரைக்கும் போய் ஸ்பெயின் 90-89 என்று ஜெயித்தது. ஒரே ஒரு புள்ளி. அன்றைக்கு இது ஒரு நல்ல ஆட்டம், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து ஸ்பெயின் போர்ட்டோ ரிக்கோவையும் ஒரே புள்ளியில், 63-62 என்று ஜெயித்தது. கடைசியில் செர்பியாவை 70-62. மூன்றும் வெற்றி, குரூப்பில் முதலிடம், ஆனால் மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து வித்தியாசம் வெறும் 10 புள்ளி. கடைசி நிமிடத்தில் பதறாமல் ஆடுவது எப்படி என்று ஸ்பெயின் பெண்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சீனா இரண்டாவது ஆட்டத்தில் செர்பியாவிடம் 59-81 என்று தோற்றது. இந்த 22 புள்ளியைத்தான் நான் அதிகம் நினைத்துப் பார்க்கிறேன். ஆட்டம் கையை விட்டுப் போன பிறகு, கடைசி சில நிமிடங்களில் இன்னும் ஒரு பாஸ்கெட் போட்டிருந்தால், அல்லது ஒன்றைத் தடுத்திருந்தால் போதும், கதையே வேறு. ஆகஸ்ட் 3 அன்று சீனா போர்ட்டோ ரிக்கோவை 80-58 என்று அடித்து அந்த 22-ஐ அப்படியே திரும்ப எடுத்தது. ஒரே ஒரு வெற்றியோடு குரூப்பில் மூன்றாம் இடம், வித்தியாசம் ஆக மொத்தம் மைனஸ் 1. ஸ்பெயினிடம் ஓவர்டைமில் விட்ட அதே ஒரு புள்ளி. சீனாவின் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, மறுநாள் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர.

மறுநாள் பெல்ஜியத்துக்கும் ஜப்பானுக்கும் ஆட்டம். பெல்ஜியம் 2023 ஐரோப்பிய சாம்பியன், ஆனால் லீலுக்கு வந்ததும் ஜெர்மனியிடம் 69-83, அமெரிக்காவிடம் 74-87. மைனஸ் 27. வித்தியாசத்தில் சீனாவைத் தாண்ட வேண்டுமென்றால் ஜப்பானை 27 புள்ளியில் ஜெயிக்க வேண்டும், 26 என்றால் சீனாவோடு சமம்தான். ஜப்பான் ஒன்றும் சோப்ளாங்கி அணி கிடையாது, டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர்கள். அந்த டோக்கியோவில்தான் காலிறுதியில் பெல்ஜியம் இதே ஜப்பானிடம் 85-86 என்று தோற்றது. கடைசி விநாடிகளில் ஹயாஷி சாகி போட்ட த்ரீ பாயிண்டரில் போன ஆட்டம் அது. 2021 ஆகஸ்ட் 4. லீல் ஆட்டம் 2024 ஆகஸ்ட் 4. தேதிகூட மாறவில்லை.

27 புள்ளியில் ஜெயித்தாக வேண்டும் என்கிற ஆட்டம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாதாரணமாக ஒரு அணி 20 புள்ளி முன்னால் போய்விட்டால் முக்கியமானவர்களை உட்காரவைத்துவிட்டு, பந்தை வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டுவார்கள். எதிரணியும் அடங்கிவிடும். இங்கே அது முடியாது. 20 முன்னால் இருந்தாலும் தோற்றுக்கொண்டிருப்பதாகத்தான் அர்த்தம். ஜப்பானோ உட்கார்ந்து ஆடுகிற அணி இல்லை, தூரத்திலிருந்து த்ரீ பாயிண்டராக எறிந்துகொண்டே இருப்பவர்கள். இரண்டு எறிதல் விழுந்தால் ஆறு புள்ளி குறைந்துவிடும்.

ஸ்கோர் 85-58. கழித்துப் பாருங்கள், சரியாக 27. பெல்ஜியம் உள்ளே, சீனா வெளியே.

எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருப்பது இதுதான். மூன்று ஆட்டத்திலும் சேர்த்து பெல்ஜியம் போட்டது 69, 74, 85, மொத்தம் 228. சீனா போட்டது 89, 59, 80. அதுவும் 228! ஜப்பான் அன்றைக்கு ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ கூடுதலாகப் போட்டிருந்தால் இரண்டு அணிக்கும் வித்தியாசமும் சமம், போட்ட புள்ளியும் சமம்.

எம்மா மேஸ்மன், ஜூலி அல்மான் எல்லோரும் ஜப்பானுக்கு எதிராக ஆடியதைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள், சரிதான். ஆனால் அமெரிக்காவிடம் 13 புள்ளியில் மட்டும் தோற்றார்களே, அங்கேதான் இந்தக் காலிறுதி இடத்துக்கு அடித்தளம் போட்டார்கள் என்பேன். அதே அமெரிக்காவிடம் ஜப்பான் 76-102, அதாவது 26 புள்ளி. 1992-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் தோற்காத அணியிடம் தோற்பது உறுதி என்று தெரிந்தும் கடைசி வரைக்கும் ஒவ்வொரு பாஸ்கெட்டுக்கும் மல்லுக்கட்டியதில் மிச்சமான புள்ளிகள் அவை. பெல்ஜியம் பயிற்சியாளர் ரஷீத் மெஸியானுக்கு இந்த இடம் புதிதும் இல்லை. அந்த ஸ்டேடியம் இருக்கும் வில்னவ் தஸ்க் ஊரின் பெண்கள் கிளப்பைப் பயிற்றுவித்து அதே ஆண்டு பிரெஞ்சு லீக்கை ஜெயிக்கவைத்தவர் அவர்.

அப்புறம் காலிறுதியில் பெல்ஜியத்துக்கு யார் வந்தார்கள் தெரியுமா? ஸ்பெயின். சீனாவை ஒரு புள்ளியில் தோற்கடித்து, தனக்கே தெரியாமல் பெல்ஜியத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே ஸ்பெயின். பெல்ஜியம் 79-66 என்று ஜெயித்து அரையிறுதிக்குப் போய்விட்டது.

நைஜீரியாவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முதல் ஆட்டத்திலேயே ஆஸ்திரேலியாவை 75-62 என்று சாய்த்தார்கள். ஒலிம்பிக்கில் 2004-க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் வெற்றி. பிரான்ஸிடம் 54-75 என்று தோற்று, கனடாவை 79-70 என்று ஜெயித்தார்கள். ஆணோ பெண்ணோ, ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கூடைப்பந்து அணி ஒலிம்பிக் காலிறுதிக்குப் போனது அதுதான் முதல் தடவை. எஸின்னே கலுவின் வேகத்தையும், முப்பதைத் தாண்டி ஓரிரு வயதே ஆன பயிற்சியாளர் ரீனா வகாமா ஆட்டத்துக்கு ஆட்டம் திட்டத்தை மாற்றியதையும் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஆனால் அதே இரவு ஆஸ்திரேலியா பிரான்ஸை 79-72 என்று ஜெயித்ததும் மூன்று அணியும் ஆளுக்கு இரண்டு வெற்றியில் நின்றன. மூவருக்குள்ளே மட்டும் கணக்குப் போட்டால் பிரான்ஸ் பிளஸ் 14, ஆஸ்திரேலியா மைனஸ் 6, நைஜீரியா மைனஸ் 8. ஆஸ்திரேலியாவை 13 புள்ளியில் தோற்கடித்த அணி அவர்களுக்குக் கீழே மூன்றாம் இடம். காலிறுதியில் எதிரே அமெரிக்கா, 74-88.

இந்த முறை எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன். ஒரே குரூப்புக்குள் மூன்று அணி சமமானால் வித்தியாசம் பார்ப்பது நியாயம்தான், எல்லோரும் ஒருவரோடு ஒருவர் ஆடியிருக்கிறார்கள். ஆனால் வேறு வேறு எதிரிகளோடு ஆடிய பெல்ஜியத்தையும் சீனாவையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி? பெல்ஜியம் அமெரிக்காவைச் சந்தித்தது, சீனாவுக்கு அந்தச் சுமை இல்லை. மறுபக்கம், எத்தனை புள்ளி வேண்டும் என்று தெரிந்துகொண்டு பெல்ஜியம் களமிறங்கியது, சீனாவுக்கு அந்த வசதி இல்லை. ரியோ 2016 வரைக்கும் குரூப்புக்கு ஆறு அணி, ஆளுக்கு ஐந்து ஆட்டம், முதல் நான்கு பேர் காலிறுதிக்கு. முதல் ஆட்டத்தில் சறுக்கினாலும் எழுந்து வர நாலு வாய்ப்பு இருந்தது. டோக்கியோவில் மூன்று குரூப் ஆட்டத்திலும் தோற்காமல் வந்த சீனா, காலிறுதியில் செர்பியாவிடம் 70-77 என்று விழுந்தது. பாரிஸில் அந்தக் காலிறுதிகூட இல்லை. இத்தனை நல்ல அணியை இன்னும் இரண்டு ஆட்டம் பார்க்க முடியாமல் போனது பார்க்கிற நமக்கும் நஷ்டம்தான்.

2026 செப்டம்பர் பெர்லின் உலகக் கோப்பைக்கு 16 அணி, நான்கு குரூப். முதலிடம் நேராகக் காலிறுதிக்கு, இரண்டாவதும் மூன்றாவதும் இன்னொரு ஆட்டம் ஆடி ஜெயித்தால் காலிறுதி. அங்கே மூன்றாம் இடத்துக்கும் களத்தில் இறங்கி ஆடித் தீர்த்துக்கொள்ள வழி இருக்கிறது, ஒலிம்பிக்கிலும் அதைக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும்.