த்ரீ நாட் த்ரீ மாமாவும் பத்து மீட்டர் துப்பாக்கியும்

என் மாமனார் பட்டாளத்துக்காரர். என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு துப்பாக்கி வந்து சேர்ந்தால், அதைச் சுட வேண்டியவன் பாடு திண்டாட்டம்தான்.

சுட வேண்டியவன் எங்கள் சின்னவன். எட்டாவது படிக்கிறான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கிய வீடியோவை யாரோ அவனுக்குக் காட்டிவிட்டார்கள். அன்று பிடித்தது சனி. துடைப்பக்கட்டையைத் தோளில் வைத்துப் பல்லியைக் குறிபார்க்க ஆரம்பித்தான். பல்லிக்காக இல்லாவிட்டாலும் என் துடைப்பத்துக்காகவாவது அவனை எங்காவது சேர்த்துவிட வேண்டியிருந்தது. எங்கள் வேலூரில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்த்தோம்.

ஒலிம்பிக்கில் சுடுகிற ரகத் துப்பாக்கியில் பின்பக்கம் ஊசி ஓட்டை மாதிரி ஒரு துளை, முன்பக்கம் ஒரு வளையம், அதற்குள் டார்கெட். அதில் பத்து மதிப்பெண் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அந்தத் துப்பாக்கியின் விலையைக் கேட்டுவிட்டு இவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. கோச்சுக்கு எங்கள் முகம் புரிந்திருக்க வேண்டும். "முதல்ல ஓபன் சைட்ல ஆடட்டும் மேடம், அதுலயும் போட்டி இருக்கு" என்றார். அப்படி வந்ததுதான் எங்கள் வீட்டு ஏர் ரைபிள். குழலை மடக்கி, ஸ்பிரிங்கை ஏற்றி, பெல்லட் என்கிற சின்னக் குண்டைத் திணித்துச் சுடுகிற ரகம். குழல் துளை .177 அங்குலம், லைசென்ஸ் தேவையில்லை. பின்னால் சதுரமாக ஒரு காடி, முன்னால் ஒரு குச்சி; குறிபார்க்க உதவும் இந்த இரண்டும்தான் சைட். குச்சி காடிக்கு நடுவில் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், குச்சியின் தலையும் காடியின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், டார்கெட்டின் கறுப்பு வட்டம் அந்தக் குச்சியின் மேல் உட்கார வேண்டும். இதையெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். எனக்குக் கேட்கும்போதே மூச்சு முட்டியது.

புதுத் துப்பாக்கி என்றால் முதலில் ஜீரோ பண்ண வேண்டுமாம். குறி வைத்த இடமும் பெல்லட் போய் விழும் இடமும் ஒன்றாகும்வரை சைட்டை நகர்த்துவது. கோச் மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர்ப் போட்டிக்குப் போயிருந்தார். "நான் வர்றவரைக்கும் சும்மா சுட்டுப் பழகட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சும்மா சுடுவது என்றால் என்னவென்று எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்ததும் மாமா வெள்ளை ஷூவுக்கு பாலிஷ் போட ஆரம்பித்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாமா மதராஸ் ரெஜிமெண்ட். வெலிங்டனில் ரிக்ரூட்டாக இருந்தபோது அவர் கையில் கொடுத்தது .303 ரைபிள், பட்டாளத்து வாயில் த்ரீ நாட் த்ரீ. அதற்கப்புறம் எஸ்.எல்.ஆர். என்கிற ரைபிள் வந்தது, எத்தனையோ வந்தது. அதைப் பற்றிக் கேட்டால் "அது வேற கதை" என்று முடித்துவிடுவார். அவர் சொல்ல விரும்பும் கதை எப்போதும் த்ரீ நாட் த்ரீதான். அதில் இடதுவலது சரிசெய்வது முன் சைட்டில். அந்தச் சின்னத் தகட்டை ஒரு கிளாம்ப் மாதிரிக் கருவியால் பக்கவாட்டில் தள்ளுவார்கள். மேல்கீழ் சரிசெய்ய உயரம் கூடின குறைந்த வேறு தகட்டை மாற்றுவார்கள். இதையெல்லாம் செய்தது மாமா இல்லை, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர். சிப்பாய் அதைத் தொட்டால் தொலைந்தான். இத்தனை வருஷம் தொடவிடாத சைட்டை இப்போது தொடலாம் என்றால் மனுஷன் விடுவாரா?

கிளப்பில் சுடும் இடமான ரேஞ்சுக்குப் போன உடனே செல்போன்களையெல்லாம் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். நான் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்தேன். சின்னவன் மேஜையில் முழங்கையை ஊன்றி, மணல் பையின் மேல் துப்பாக்கியை வைத்துச் சுட்டான். முதல் பெல்லட் வட்டத்துக்கு இடதுபக்கம் விழுந்தது. இவர் உடனே பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். (என் தையல் பெட்டியிலிருந்து எப்போது எடுத்தார் என்று இன்னும் தெரியவில்லை.)

"பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நாற்பது சென்டிமீட்டர். டார்கெட் பத்து மீட்டர். ஒத்த முக்கோணம். இருபத்தஞ்சு மடங்கு. இங்க ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினா அங்க இரண்டரை சென்டிமீட்டர் நகரும். மூணு சென்டிமீட்டர் இடது போயிருக்கு, அப்போ 1.2 மில்லிமீட்டர் வலது."

கணக்கு சரிதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கேட்டிருந்தால் முக்கோணத்தால் வாழ்க்கையில் ஒரு பயன் உண்டென்று நம்பியிருப்பார்கள். ஆனால் ஒரே ஒரு குண்டை வைத்துச் சைட்டைத் தொடலாமா? மாமா அதிலேயே பிடித்துக்கொண்டார். "ஏண்டா, அஞ்சு ரவுண்டு சுட்டு குரூப் பார்க்காம யாராவது சைட்டைத் தொடுவாங்களா? பையன் ஒரு தடவை தும்மியிருப்பான், அதுக்குப் போய் முக்கோணம் போடுற!"

குரூப் என்றால் சுட்ட குண்டுகள் பேப்பரில் கூட்டமாக விழுந்திருக்கும் இடம். இதில் மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அஞ்சும் சுட்டார்கள். நாலு இடதுபக்கம், ஒன்று மட்டும் எங்கோ கீழே. மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பேப்பரைப் பார்த்தார். "குண்டு இடது போகுது. சைட்டை இடது தள்ளு."

"அப்பா... வலது இல்லையா?"

"குண்டு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் சைட்டைத் தள்ளணும். இது ரூல்."

அது ரூல்தான். முன் சைட்டுக்கு. முன் குச்சியை இடதுபக்கம் தள்ளினால், அதைத் திரும்பக் காடிக்கு நடுவே கொண்டுவரக் குழலை வலதுபக்கம் திருப்ப வேண்டும், குண்டும் வலதுபக்கம் வரும். பின் சைட்டுக்கு நேர் எதிர்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். எங்கள் துப்பாக்கியில் முன் சைட் அசையாது, நகர்வதெல்லாம் பின் சைட்டுதான். ஆக அப்பா சொன்னதும் சரி, பிள்ளை நினைத்ததும் சரி, துப்பாக்கியின் இரண்டு முனைகளுக்கு. ஆனால் பெற்ற அப்பாவை, அதுவும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வந்தவரை, ரேஞ்சில் நாலு பேர் முன்னால் மறுத்துப் பேச எங்கள் வீட்டில் வழக்கமில்லை. இவர் வாயை மூடிக்கொண்டார். மாமா திருகினார். அடுத்த குண்டு பேப்பர் ஓரத்துக்குப் போனது. இன்னும் திருகினார். அதற்கடுத்த குண்டு பேப்பரைவிட்டே போய்ப் பின்னாலிருந்த அட்டையில் குத்தியது.

"துப்பாக்கி சரியில்ல" என்றார் மாமா.

அப்புறம் மாமா பாத்ரூம் பக்கம் போனார். இவர் திருட்டுத்தனமாக மேஜைக்குப் போய்க் கடகடவென்று வலதுபக்கம் கிளிக் கிளிக்கென்று திருப்பினார். மாமா திரும்பி வந்து, அடுத்த குரூப்பைப் பார்த்து, "பார்த்தியா, நான் வச்சது இப்பத்தான் வேலை செய்யுது" என்று மறுபடி இடது திருப்பினார். இவருக்கு மாமா எப்போது டீ குடிக்கப் போவார் என்ற கவலை. நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து மாமாவுக்கு ஊற்றிக்கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். குடும்பத்தில் ஒற்றுமை என்பது இப்படித்தான் நடக்கிறது.

இதற்கு நடுவில் பிடிக்கிற விதத்தில் ஒரு சண்டை. .303 தோளை உதைக்கும், அதனால் தோளில் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது மாமா பாடம். "அமுக்கிப் பிடிடா, தோள்ல அமுக்கு! ஷிஸ்து எடு!" (ஷிஸ்து எடு என்றால் பட்டாளத்துப் பாஷையில் குறி பார்.) ஸ்பிரிங் துப்பாக்கி அந்த ஜாதி இல்லை. உள்ளே ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டன் ஓடி முட்டும்போது துப்பாக்கி முதலில் பின்னால் வரும், உடனே முன்னால் உதறும், இதெல்லாம் பெல்லட் குழலைவிட்டு வெளியே போவதற்கு முன்பே. அதைச் சும்மா கை மேல் கிடத்தி, அதன் இஷ்டத்துக்கு உதறவிட வேண்டும் என்று கோச் முதல் நாளே சொல்லியிருந்தார். சின்னவன் தாத்தா பார்க்கும்போது அமுக்குவான், பார்க்காதபோது தளர்த்துவான். பெல்லட்டும் அதற்கேற்ப மேலே ஒன்று கீழே ஒன்று.

ஒரு தடவை நடுவில் பத்தில் போய் விழுந்தது. எப்படி என்று யாருக்கும் தெரியாது. மாமா எழுந்து நின்று, "வீர மதராஸி! அடி கொல்லு, அடி கொல்லு!" என்று ரெஜிமெண்ட் முழக்கத்தை எழுப்பினார். பக்கத்து லேனில் மூச்சைப் பிடித்துக் குறிபார்த்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் அதிர்ந்துபோய்ச் சுட்ட குண்டு எங்கே போனதென்று அவளே தேடினாள். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல ஆன்ட்டி, எங்க தாத்தாவும் ஆர்மிதான்" என்றாள். வேலூரில் இது ஒரு வசதி.

மதியம் நெருங்கியது. சைட் ஒரு பக்கக் கடைசிக்கே போய் முட்டி நின்றது. குண்டுகளோ பேப்பரில் ஆளுக்கொரு திசையில். இப்போது இவருடைய முக்கோணமும் பலிக்கவில்லை, மாமாவின் ரூலும் பலிக்கவில்லை. அப்போதுதான் காலையிலிருந்து பேப்பர் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த ரேஞ்சுக்கார அண்ணன், பூட்ட நேரமாச்சு என்று சொல்ல வந்தவர், துப்பாக்கியைக் கையில் வாங்கினார். ஒரு கையால் குழலையும் ஒரு கையால் தோளில் வைக்கிற கட்டையையும் பிடித்து லேசாக அசைத்தார். கட்டக் கட்டக் என்று சத்தம்.

"சார், கட்டையே ஆடுதே."

முன்கட்டையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்குரூ, ட்ரிகர் பக்கம் ஒன்று. ஸ்பிரிங் துப்பாக்கி உதறுகிற உதறலில் இவை தானாகக் கழன்றுகொண்டே இருக்குமாம். சைட் என்னவோ குழலோடுதான் இருக்கிறது. ஆனால் கட்டை தளர்ந்தால் சுடும் நொடியில் துப்பாக்கி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரித் துள்ளும், பெல்லட்டும் அப்படியே. அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஆலன் கீ எடுத்து இறுக்கினார். காலையிலிருந்து அந்த ஆலன் கீ அந்தப் பையில்தான் இருந்திருக்கிறது. நாங்கள் அவரிடம் பேப்பர் கேட்டோம், பெல்லட் கேட்டோம், ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னோம். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இறுக்கிய பிறகு சின்னவன் சுட்டான். அஞ்சும் ஒரு ரூபாய்க் காசால் மூடுகிற இடத்துக்குள். ஆனால் பேப்பரின் வலது மேல் மூலையில்! இவர் திருட்டுத்தனமாகத் திருப்பியதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மாமா அந்தக் குரூப்பைப் பார்த்துவிட்டு மகனை ஒரு பார்வை பார்த்தார். இவர் இன்ச் டேப்பை மடித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு குரூப் போடுறேன்" என்று மாமா உட்கார்ந்தார். அவருக்கு எழுபதுக்கு மேல். சுடும்போது கண் முன் குச்சியில் நிற்க வேண்டும், டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் போதும் என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறியது. ஆனால் குச்சி தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க வேண்டும், அதற்கு முகவாயைத் தூக்க வேண்டும், தூக்கினால் கன்னம் கட்டையில் வேறு இடத்தில் பதியும். அப்படியே தூக்கிக்கொண்டு சுட்டார். சும்மா சொல்லக் கூடாது, சின்னவனுடையதைவிட நெருக்கமான குரூப். ஆனால் அது அவன் குரூப்பிலிருந்து தள்ளி, தனிக்குடித்தனம் போன மாதிரி வேறொரு இடத்தில் இருந்தது.

சரி, இப்போது யாருக்கு ஜீரோ பண்ணுவது? மாமா தனக்கு என்றார். "நான் சரியா வச்சுக் குடுக்கிறேன், அவன் அதே மாதிரி சுடட்டும்." அவன் அதே மாதிரி சுட வேண்டுமென்றால் அவனுக்கும் புரோகிரசிவ் கண்ணாடி வாங்க வேண்டும் என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ரேஞ்சுக்கார அண்ணன் மட்டும் சிரித்துவிட்டு உடனே இருமினார்.

செல்போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தால் கோச்சின் வாய்ஸ் மெசேஜ், காலை ஒன்பது மணிக்கே வந்தது: "மேடம், ஒரே ஒரு விஷயம், சைட்டை மட்டும் யாரும் தொட வேண்டாம்."

அவர் ஊர் திரும்பியதும் சைட்டை நடுவுக்குக் கொண்டுவந்து, ஸ்குரூக்களைச் சரிபார்த்து, சின்னவன் கையாலேயே சுடவைத்து, டீ ஆறுவதற்குள் ஜீரோ பண்ணிக் கொடுத்துவிட்டார். இனி யாராவது திருகினால் பார்த்தவுடன் தெரிய வேண்டுமென்று சைட் திருகின் மேலும் ஸ்குரூக்களின் தலைமேலும் ஒரு கோடு பெயிண்ட் வைக்கச் சொன்னார். பெயிண்ட் இல்லாவிட்டால் நெயில் பாலிஷ் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்.

நாத்தனார் மகள் ரிசப்ஷனுக்கு மெரூன் பட்டுப்புடவைக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்த பாட்டிலைத் தேடினேன். துப்பாக்கிப் பையில், மூடி திறந்தபடி, கல்லாகக் காய்ந்து கிடந்தது. வெறும் நகத்தோடு போனேன். மண்டபத்தில் யாரோ என் கையைப் பார்த்துக் கேட்கப்போக, மாமா முந்திக்கொண்டு ஆரம்பித்தார்: "அது ஒண்ணுமில்லம்மா, த்ரீ நாட் த்ரீல என்னன்னா..."