கிறிஸ்துமஸ் காதல் படங்கள்: டிசம்பர் குறிப்புகள்

டிசம்பர் 8

கிறிஸ்துமஸ் வரைக்கும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காதல் படம் மட்டும்தான் என்று அக்காவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். சிரித்துக்கொண்டே பார்க்க முடிய வேண்டும், கடைசியில் இரண்டு பேரும் சேர வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

இன்றைக்கு ‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’. எர்னஸ்ட் லுபிட்ச் இயக்கத்தில் 1940-ல் வந்த படம். புடாபெஸ்டில் கைப்பைகளும் தோல்பொருட்களும் விற்கிற ஒரு கடை. மூத்த விற்பனையாளர் கிராலிக்காக ஜேம்ஸ் ஸ்டூவர்ட், புதிதாக வேலைக்குச் சேரும் கிளாராவாக மார்கரெட் சல்லவன். கடையில் இவர்களுக்கு ஆகவே ஆகாது. ஆனால் பெயர் தெரியாமல் தபாலில் காதல் வளர்ப்பதும் இதே இருவர்தான். ‘காதல் கோட்டை’ பார்த்த நமக்கு இந்தத் தவிப்பு புதிதில்லை.

கிளாரா தபால் ஆபீசுக்குப் போகிற காட்சியை நிறுத்தி மறுபடி போட்டோம். கேமரா தபால் பெட்டிக்கு உள்பக்கம் இருக்கிறது. கையுறை போட்ட ஒரு கை உள்ளே வந்து துழாவுகிறது. கடிதம் இல்லை. கை வெளியே போகிறது, அப்புறம் குனிந்து பார்க்கிற அவள் முகம். வசனம் ஒன்றுகூட இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

டிசம்பர் 9

அந்தப் படம் மண்டையை விட்டுப் போகவில்லை. இதில் காதலுக்குச் சமமாகச் சம்பளக் கவலையும் இருக்கிறது. கிராலிக் கல்யாணக் கனவோடு, குடித்தனம் நடத்த எவ்வளவு ஆகும் என்று சக ஊழியர் பிரோவிச்சிடம் விசாரிக்கிறான். மூன்று அறை எதற்கு, விருந்தாளிகளை உபசரிக்க நீ என்ன தூதரா, உண்மையான நண்பன் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவான் என்கிறார் அவர். சிரிப்பு வருகிறது. கூடவே அந்த மனிதர் இதையெல்லாம் எத்தனை முறை கணக்குப் போட்டிருப்பார் என்றும் புரிகிறது.

கிளாராவுக்கு வேலை கிடைப்பதும் இப்படித்தான். விலை போகாது என்று கிராலிக் ஒதுக்கின சிகரெட் பெட்டி, திறந்தால் பாட்டுப் பாடும். அதை மிட்டாய்ப் பெட்டி என்று ஒரு பருமனான அம்மாவிடம் அவள் விற்றுக் காட்டுகிறாள்: ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பாட்டு வரும், அளவோடு சாப்பிட ஞாபகப்படுத்தும் என்று. வேலை இல்லாதவளுக்கு வருகிற சாமர்த்தியம் அது. லுபிட்ச் பெர்லினில் ஒரு தையல் கடைக்காரரின் மகன். கல்லாப்பெட்டியின் பயம் தெரிந்தவர்.

முதலாளி மட்டுசெக்கைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, போனஸ் கொடுத்து முடித்துவிட்டு, தன்னோடு சாப்பிட யாராவது வருவார்களா என்று பனியில் நின்று ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுக்கிறார். எல்லோருக்கும் வீடு இருக்கிறது. கடைசியில் ஊருக்குப் புதிதான எடுபிடிப் பையன் ஒருவன்தான் மிச்சம். வாத்து வறுவல், வெள்ளரிக்காய் சாலட், ஆப்பிள் பலகாரம் என்று அவனுக்காக அவர் வரிசையாக அடுக்க, பையனின் முகம் மலர்கிறது. காதலர்கள் சேர்வதைவிட எனக்கு இதுவே பெரிய சந்தோஷம்.

டிசம்பர் 14

‘கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்’. கிறிஸ்துமஸ் படம்தான், ஆனால் அமெரிக்காவில் வெளியானது 1945 ஆகஸ்டில். பார்பரா ஸ்டான்விக் பத்திரிகையில் பண்ணை வீடு, கணவன், குழந்தை, சமையல் குறிப்பு என்று எழுதித் தள்ளுகிறார். நிஜத்தில் நியூயார்க்கில் தனி ஆள், அடுப்பே பற்றவைக்கத் தெரியாதவர். குறிப்பெல்லாம் சமையல்காரர் பெலிக்ஸ் மாமாவின் உபயம். போரிலிருந்து திரும்பிய மாலுமி ஒருவனுக்கு உன் பண்ணையில் விருந்து வை என்று பத்திரிகை முதலாளி சொல்ல, வேலை போய்விடுமே என்று பண்ணை, குழந்தை எல்லாவற்றையும் கடன் வாங்குகிறார்.

குழந்தையைக் குளிப்பாட்டும் காட்சி அருமை. தாய் என்று சொல்லிக்கொள்பவருக்குக் கை வராது. மாலுமி சட்டைக் கையை மடித்துக்கொண்டு பக்குவமாகக் குளிப்பாட்டுவான். ஸ்டான்விக் அவனைப் பார்க்கிற பார்வையிலேயே கதை முடிந்துவிட்டது.

டிசம்பர் 19

இரண்டு நாளாகத் தொலைக்காட்சிக்காக எடுத்த புதுப் படங்கள். அமெரிக்காவின் ஹால்மார்க் சேனல் 2009-லிருந்து இதை ஒரு சீசனாகவே நடத்துகிறது. பெரும்பாலானவை கனடாவில், கோடைக்காலத்தில்கூட, செயற்கைப் பனியைக் கொட்டி எடுப்பவை. வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு குளிருவதாக நடிக்கும் அவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் ஒரு வருத்தம். இவற்றில் பட்டணத்து வேலை என்றால் கதாநாயகிக்கு வந்த காய்ச்சல் மாதிரி; சின்ன ஊருக்கு வந்து காதலித்தால் குணமாகிவிடும். வாடகை யார் கட்டுவது? பழைய படங்களில் அந்தக் கேள்வி எப்போதும் கூடவே நடக்கும். அதனால்தான் அந்தச் சிரிப்பை என்னால் நம்ப முடிகிறது.

டிசம்பர் 23

‘வைல் யூ வேர் ஸ்லீப்பிங்’, 1995. சிகாகோ ரயில் நிலையத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்து டோக்கன் வாங்குகிற லூசி, சான்ட்ரா புல்லக். உனக்குக் குடும்பம் இல்லையே என்று சொல்லியே கிறிஸ்துமஸ் அன்றும் அவளை வேலைக்கு வரச் சொல்கிறார் மேலதிகாரி. இந்த ஒரு காட்சி போதும், மிச்சப் படம் முழுக்க அவள் பக்கம் நிற்பேன். தண்டவாளத்தில் விழுந்தவனைக் காப்பாற்றப் போய், அவன் வீட்டார் அவளை மருமகளாகவே நினைத்துவிடுகிறார்கள். அந்த வீட்டுக் கூச்சலும் சாப்பாட்டு மேசைப் பேச்சும் கிடைத்த பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவள்மேல் கோபமே வராது.

கடைசியில், அவள் காப்பாற்றினவனின் சகோதரன் ஜாக் வந்து கல்யாணத்துக்குக் கேட்பது அவளுடைய வேலை நேரத்தில், அதே கூண்டுக்கு வெளியே நின்று. டோக்கன் வந்து விழுகிற இடத்தில் மோதிரம் வந்து விழுகிறது. பின்னால் அவன் குடும்பமே நிற்கிறது. நானும் அக்காவும் கைதட்டிவிட்டோம்.